தங்கை படித்த அல்ஜீப்ராவும் நான் உட்கார்ந்த பெஞ்சும்

இந்தப் புஸ்தகத்தை இலை போடுவதற்கு முன்பே எல்லார் கையிலும் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டு எழுந்த பிறகு கொடுத்தால் வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். நம் ஜனங்களை எனக்குத் தெரியும். என் தங்கையின் காரியத்துக்கு வந்திருக்கும் பந்துக்களும் சிநேகிதர்களும் இதை வீட்டுக்கு எடுத்துப் போய், படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று கைகூப்பிக் கேட்டுக் கொள்கிறேன்.

இதைச் சொல்லுகிற நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். நான் சொல்லச் சொல்ல எங்கள் பாக்டரிக் கணக்குப்பிள்ளை எழுதினார். எழுத்தை அவர் திருத்தியிருக்கிறார். பேச்சைத் திருத்த நான் விடவில்லை. வீட்டில் தங்கையை "அம்மிணி, வா, போ" என்றுதான் கூப்பிட்டேன். ஆனால் ஊரே எழுந்து நின்று "டீச்சரம்மா" என்று கும்பிட்டவரை அச்சில் ஒருமையில் போட எனக்கு மனசு வரவில்லை. ஆகையால் மரியாதையோடுதான் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொடுமுடிக்குத் தெற்கே ஒரு காட்டு ஊரிலிருந்து ஒரு ஜோடி மாட்டையும் ஒரு பார வண்டியையும் ஓட்டிக் கொண்டு கோயமுத்தூருக்கு வந்தவன் நான். பிறத்தியார் பருத்தியை ஏற்றி இறக்கினேன். பிறகு என் பருத்தியை ஏற்றினேன். இன்றைக்குப் பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஜின் பாக்டரி சொந்தமாக வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் நீலகிரி மலையிலிருந்து வந்த பைக்காரா கரண்டு முதலில் எரிந்தது என் வீட்டில். மதுக்கரையில் சிமெண்டு ஆலை வந்தபோது அந்தச் சிமெண்டில் முதலில் தளம் போட்டதும் என் பாக்டரியில்தான். யாரும் கை தூக்கிவிடவில்லை. நானே ஏறினேன். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இத்தனையும் சம்பாதித்து வைத்திருந்தும் என் தங்கைக்கு ஒரே ஒரு வகுப்பு வாங்கித் தருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. அந்தக் கதைதான் என் தங்கையின் கதை.

தங்கை பிறந்தது அதே காட்டு ஊரில். நான் தலைப்பிள்ளை, அவர் கடைசி. நடுவில் பிறந்தவர்களைப் பிளேக் கொண்டு போய்விட்டது. தங்கை பிறந்த கொஞ்ச நாளில் தாயாரும், அடுத்த மழைக்குள் தகப்பனாரும் போய்ச் சேர்ந்தார்கள். தொட்டில் பிள்ளையைத் தூக்கி வண்டியில் பருத்திப் பொதிக்கு மேல் படுக்க வைத்துக் கொண்டுதான் நான் பட்டணம் வந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் பால் கொடுத்துப் பார்த்துக் கொண்டார். அவர் இன்று உயிரோடு இல்லை. அவர் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் பந்தியில் இடம் போடச் சொல்லியிருக்கிறேன்.

பிழைப்பைப் பார்த்ததில் முப்பது வயது வரை எனக்குக் கல்யாணம் நடக்கவில்லை. நடந்தபோது தங்கைக்குப் பால்பல் விழுந்து முளைக்கிற பருவம். நம்மவர் அல்லாத சிநேகிதர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் உடன்பிறந்தவள் நிற்பாள். கூறைச் சேலையின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை அவள் கையில். நாளைக்கு மனைவி வந்தாலும் மக்கள் வந்தாலும் உன் பக்கத்தை விட்டுப் போகமாட்டேன் என்று அண்ணன் சபையில் ஒப்புக் கொள்கிற சீர் அது. என் தங்கை சீரில் சுமக்க வேண்டிய மூங்கில் பேழைமூடியைத் தூக்க முடியாமல் இடுப்பில் இடுக்கிக் கொண்டு நின்றார். சேலை முனையை மட்டும் விடவில்லை. சீர் முடிந்து போட்டது, விடு கண்ணு என்று சீரை நடத்தி வைக்கிற அருமைக்காரர் சொல்லியும் கொஞ்ச நேரம் பிடித்துக் கொண்டே நின்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

பெண்கள் ஹைஸ்கூலில் தங்கை நாலாம் பாரம் படித்துக் கொண்டிருந்தபோது கணக்கு டீச்சர் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். தங்கை ஏதோ தப்புப் பண்ணியிருக்கிறார் போலிருக்கிறது என்று நானும் தலைப்பாகையைக் கட்டிக் கொண்டு போனேன். அந்த அம்மாள் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்வேன். "உங்க தங்கச்சிக்குச் சொல்லிக் குடுக்கறதுக்கு எங்ககிட்ட இருந்ததெல்லாம் தீர்ந்து போச்சுங்க" என்றார். அப்படியானால் பாஸ் ஆகிவிட்டாரா என்று கேட்டேன். அந்த அம்மாள் சிரிக்காமல் பொறுமையாக விளக்கினார்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் எல்லாரும் படிக்கிற கணக்கு ஒன்று உண்டாம். அதற்கு மேலே, முடிந்தவர்கள் எடுத்துக் கொள்கிற பாடமாக அல்ஜீப்ராவும் ஜாமெட்ரியும் சேர்ந்தது ஒன்று உண்டாம். அதைப் படித்துப் பாஸ் செய்தவர்களுக்குத்தான் காலேஜில் கணக்குப் படிக்க இடம். பெண்கள் பள்ளியில் அந்த இடத்தில் சரித்திரம் இருந்தது, சங்கீதம் இருந்தது, தையல் இருந்தது. அல்ஜீப்ரா இல்லை. வருஷா வருஷம் கணக்குப் புஸ்தகத்தை ஆடி மாசத்துக்குள் முடித்துவிட்டு, சும்மா இருக்கமாட்டாமல், பின்னால் அச்சடித்திருக்கும் விடையைப் பார்த்து இதற்கு வேறு என்னென்ன கேள்வி கேட்டிருக்கலாம் என்று தானே கேள்வி போட்டுக் கொண்டிருந்த பிள்ளைக்குத் தையல்.

நான் நேராகப் பெரிய டீச்சரம்மாளிடம் போனேன். ரூம் இல்லையென்றால் நான் கட்டித் தருகிறேன் என்றேன். ரூம் இருக்கிறது என்றார். பெஞ்சு, போர்டு என்றேன். அதுவும் இருக்கிறது. சொல்லித் தரத் தெரிந்த பெண்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே அகப்படவில்லை, ஆண் வாத்தியாரை உள்ளே விட நிர்வாகம் சம்மதிக்காது, அதுவும் ஒரே ஒரு பிள்ளைக்காக என்றார். நல்ல மனுஷி, முகத்தில் வருத்தத்தோடுதான் சொன்னார். கையில் காசு வந்த நாள் முதலாக, வாங்க முடியாத சரக்கு ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

அந்த வகுப்பு இருந்தது ஆண்கள் ஹைஸ்கூலில். அங்கே ஹெட்மாஸ்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், கண்டிப்பானவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இத்தனை பசங்க நடுவிலே ஒரு பெண்ணை உட்கார வச்சு, நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தா யார் பொறுப்பு?"

"நானுங்க."

"நீங்க உங்க பாக்டரியிலே இருப்பேள்."

"இல்லீங்க. நானும் பெஞ்சுல இருப்பேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. இணைச்சீர் செய்த அண்ணன் தங்கைக்குப் பக்கத்தில் உட்காருவதில் எந்த ஊரில் யாருக்கு ஆட்சேபணை என்று நான் கேட்டேன். அது என்ன சீர் என்றார். சொன்னேன். சேலை முனையைப் பிள்ளை விடாமல் நின்றதையும் சொன்னேன். கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக் கொண்டு, சொந்த அண்ணன் வகுப்பு முழுக்க உள்ளேயே உட்கார்ந்திருப்பதானால் தனக்குச் சம்மதம், அண்ணன் வராத நாளில் பெண்ணும் வரக் கூடாது என்றார். பிறகு இரண்டு பள்ளியாரும் மேலே எழுதிக் கேட்டு, இன்ஸ்பெக்டரம்மாளும் வந்து பார்த்துச் சரி என்றார். மற்றப் பாடமெல்லாம் பெண்கள் பள்ளியில். பதினொரு மணிக்கு அல்ஜீப்ரா மட்டும் ஆண்கள் பள்ளியில்.

இப்படியாக, ஊரில் பாதிப் பேருக்குப் பருத்தி விலை சொல்லிக் கொண்டிருந்தவன் ஐந்தாம் பாரத்தில் போய் உட்கார்ந்தேன். சுவரோரம் கடைசிப் பெஞ்சு எங்களுடையது. சுவர்ப் பக்கம் தங்கை, இந்தப் பக்கம் நான். பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன் துணிந்து, "ஏனுங் கவுண்டரே, வீட்டுக் கணக்குப் போட்டுட்டு வந்தீங்களா?" என்றான். "நீ போட்டதைக் குடு கண்ணு, பாத்து எழுதிக்கறேன்" என்றேன். அல்ஜீப்ரா வாத்தியாரே சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு பையன்களுக்கு நான் பழகிவிட்டேன். அவர்களுக்கு நானும் அந்த ரூமில் ஒரு தூண்.

அல்ஜீப்ரா எனக்கு ஏறவில்லை. அதைச் சொல்ல வெட்கப்படமாட்டேன். ஏறியிருந்தால் இன்னும் இரண்டு பாக்டரி வைத்திருப்பேன். ஆனால் என் தங்கைக்கு அது ஏறிய விதத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாத்தியார் போர்டில் ஒரு கணக்கை எழுதித் திரும்புவார். பையன்கள் எழுத ஆரம்பித்திருப்பார்கள். தங்கை எழுதமாட்டார். பார்த்துக் கொண்டே இருப்பார். வெகு நேரம் வெயிலில் நடந்தவன் தண்ணீரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு இரண்டே வரி எழுதி முடித்துவிடுவார். வாத்தியார் மெதுவாக நடந்து வந்து பார்த்துவிட்டுப் போய், போர்டில் அடுத்ததாக எழுதுகிற கணக்கு முன்னதைவிடக் கஷ்டமாக இருக்கும். அது தங்கைக்காக எழுதினது என்று எனக்கே தெரியும். அந்தப் பிள்ளை முகம் அப்போது இருந்த மாதிரி நகை போட்ட அன்றைக்குக் கூட இருந்ததில்லை.

தை மாசம் பருத்தி வரத்து ஆரம்பித்ததும் கஷ்டம் வந்தது. பதினொரு மணிதான் மண்டியில் உச்ச நேரம். வியாபாரிகள் என்னைத் தேடிக் கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்கள். நாங்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள். வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஆகையால் நான் பெஞ்சுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி, துண்டைப் போட்டு மூடி, ஒரு வண்டிப் பருத்திக்கு விலை முடித்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். "கவுண்டரே, உங்க கை எந்த வகுப்புல படிக்குதுங்க?" என்றார் வாத்தியார். தங்கை அன்று என்னோடு வண்டியில் வாய் திறக்கவே இல்லை. மறுநாளிலிருந்து வியாபாரிகளை மத்தியானத்துக்கு மேல் வரச் சொல்லிவிட்டேன். சிலர் வேறு மண்டிக்குப் போனார்கள். போகட்டும் என்று இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தாராபுரத்து மாமா வந்தார். எங்கள் தாயாரின் உடன்பிறந்தவர். தங்கையை அவர் மகனுக்கு என்று சிறுவயதிலேயே பேசி வைத்திருந்தது. பந்துக்களுக்கு இது தெரியும். அமராவதிக் கரையில் நல்ல நெல் வயல், மாப்பிள்ளையும் குணசாலி. மாமா வந்தவர் தண்ணீர்கூட வாங்கவில்லை. ஜோலியைச் சொல்லிப் போட்டுப் போறேன் என்றார். பையன்களோடு ஒரே ரூமில் உட்காருகிற பெண் என்று தாராபுரம் சந்தையில் பேசுகிறார்கள், தை முடிவதற்குள் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் வைகாசியில் முகூர்த்தம், இல்லையென்றால் தான் வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும் என்றார். பக்கத்தில் நான்தானே உட்காருகிறேன் மாமா என்றேன்.

"மாப்பிள்ளை, நீங்க உக்காந்திருக்கறது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். சந்தைக்கு அது தெரியாதுங்க" என்றார்.

அவர் சொன்னது பொய் இல்லை. தாய்மாமன். எங்களில் பெண்ணுக்குக் காது குத்துவது முதல் மாலை எடுத்துப் போடுவது வரை அவர் கை படாமல் ஒன்றும் நடக்காது. அவர் சொல்லைத் தட்டுவது சின்ன விஷயம் இல்லை.

தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டேன். நிறுத்திக் கொள்ளலாமா, கல்யாணம் பண்ணிக் கொள்கிறாயா அம்மிணி என்று கேட்டேன். அழுவார் அல்லது கோபிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"ஏனுங்கண்ணா, நீங்க எந்திரிச்சா நானும் எந்திரிச்சுக்கறேனுங்க. நீங்க உக்காந்திருக்கற வரைக்கும் நானும் உக்காந்திருக்கறேன். ஆனா பாதிக் கணக்குல எந்திரிக்கச் சொல்லாதீங்க" என்றார்.

இவ்வளவுதான் சொன்னார். எத்தனையோ பேரம் முடித்தவன் நான். துண்டுக்குள் ஒரு விரல் அசைவதில் எதிராளியின் மனசு தெரியும் எனக்கு. ஆனால் அந்தப் பேச்சில் பேரத்துக்கு இடமே இல்லை. மறுநாள் பதினொரு மணிக்கு வண்டியைப் பூட்டச் சொன்னேன். தை முடிந்தது. மாசியும் முடிந்தது. வைகாசியில் மாமா மகனுக்குப் பல்லடம் பக்கத்தில் கல்யாணம் நடந்தது. எங்களுக்குப் பத்திரிகை வந்தது. நான் மட்டும் போய் மொய் வைத்துவிட்டு வந்தேன்.

அதற்கு அடுத்த வருஷம், பைக்காரா கரண்டு ஊருக்குள் வந்த வருஷம், தங்கை எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தார். அல்ஜீப்ராவில் அந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எல்லாருக்கும் மேலே. கண்டிப்பான அந்த ஹெட்மாஸ்டர் என் வீட்டுக்கே வந்து சொன்னார். கோயமுத்தூரிலேயே காலேஜில் இண்டர் முடித்து, சென்னப்பட்டணத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. கணக்குப் படித்து, அதற்கு மேல் வாத்தியார் வேலைக்கான எல்.டி.யும் முடித்தார். உள்ளூர்க் காலேஜில் வேறு பெண்களும் படித்தார்கள், சென்னப்பட்டணத்தில் பெண்களுக்கென்றே காலேஜ் இருந்தது, ஆகையால் நான் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஒவ்வொரு லீவுக்கும் ரயிலடிக்குப் போய் நிற்பேன். வண்டியிலிருந்து இறங்கும்போதே, என்ன படித்தோம் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். எனக்கு ஒரு எழுத்தும் விளங்காது. பாக்டரி வரும்வரை தலையை ஆட்டிக் கொண்டே வருவேன். கேட்பதற்கு ஆள் வேண்டும் அல்லவா.

கல்யாணம் மட்டும் கூடவில்லை. முதலில் வந்தவர்கள் பையன்களோடு படித்த பெண்தானே என்றார்கள். பிறகு வந்தவர்கள் இவ்வளவு படித்த பெண்ணை எங்கே வைப்பது என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. எங்கள் வீட்டுத் திருமணங்களில், காது குத்தில், என் காதுபட நீங்கள் பேசியிருக்கிறீர்கள். தங்கை பிள்ளைக்கு மாமன் சீர் செய்யக் கொடுத்து வைக்காதவன், எண்ணிப் பார்க்க எவ்வளவு பணம் இருந்து என்ன என்று ஒரு பெரியவர் சொன்னார். பெயர் சொல்லமாட்டேன். இதோ வந்து உட்கார்ந்திருக்கிறார். நான் அவர் மேல் கோபப்படவில்லை. அவர் கேட்டதை நானும் எனக்குள் கேட்டுக் கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு நான் எழுந்திருந்தால் தங்கை தாராபுரத்தில் மக்களோடு இருந்திருப்பாரோ, அங்கே அமராவதித் தண்ணீர் குடித்திருந்தால் அவரைக் கொண்டு போன இந்த ஜுரம் வந்திருக்காதோ என்று இப்போதும் விடியுமுன் விழிப்பு வந்துவிடுகிறது. தங்கையிடம் ஒரு தடவை கேட்டேன். "நீங்க உக்காந்தீங்க, நான் உக்காந்தேன். அதுல பாதி உங்க கணக்கு, பாதி என் கணக்குங்கண்ணா. நீங்களே முழுசையும் எடுத்துக்காதீங்க" என்றார். சிரித்துக் கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தாம் படித்த பெண்கள் பள்ளிக்கே தங்கை டீச்சராகத் திரும்பி வந்தார். வந்தவுடன் பெரிய டீச்சரம்மாளிடம் கேட்டது சம்பளம் அல்ல. அல்ஜீப்ரா வகுப்பு. சொல்லித் தரத் தெரிந்த பெண்பிள்ளை இப்போது இருக்கிறாள், இனி என்ன தடை என்று கேட்டாராம். பிள்ளைகள் எங்கே என்றார்கள். தங்கை வீடு வீடாகப் போனார். பெண்ணுக்கு எதற்கு இந்தக் கணக்கு என்று கேட்காத வீடு கிடையாது. நாலு பிள்ளைகள் சேர்ந்தார்கள். டவுனில் அத்தர் கடை வைத்திருக்கும் பாய் மகள் ஒன்று, மில் மேஸ்திரி மகள் ஒன்று, நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு. அந்தப் பள்ளியில் அல்ஜீப்ரா படித்த முதல் பிள்ளைகள் இவர்கள்தான். இந்த வருஷம் ஆறாம் பாரம். பங்குனியில் பரீட்சை.

ஐப்பசி மழையில் தங்கைக்கு ஜுரம் கண்டது. முதலில் சாதாரண ஜுரம் என்று நினைத்து வகுப்புக்குப் போய்க் கொண்டிருந்தார். டைபாய்டு என்று டாக்டர் சொன்னபோது எழுந்திருக்க முடியாத நிலை. இரண்டு டாக்டர்களை வைத்தேன். ஐஸ் கட்டி கொண்டு வரக் காரை அனுப்பினேன். நர்ஸம்மாள் கூடவே இருந்தார். எவ்வளவு செய்தேன் என்று சொல்லிக் கொள்வதற்கு எனக்கு எப்போதும் பிடிக்கும். இந்த ஒரு விஷயத்தில் பிடிக்கவில்லை.

கடைசி நாட்களில் ஒரு சாயங்காலம் ஜுரம் இறங்கிப் பேச்சு தெளிவாக இருந்தது. பக்கத்தில் உட்காரச் சொன்னார். ஜாமெட்ரி முடிந்துவிட்டது, அல்ஜீப்ராவில்தான் கொஞ்சம் பாக்கி என்றார். உடம்பு தேறினதும் முடித்துக் கொள்ளலாம் என்றேன்.

"அந்த நாலு பேரையும் நடுவுல எந்திரிக்க உடாதீங்கண்ணா" என்றார்.

சரி என்றேன். கார்த்திகை பிறந்து சில நாட்களில் தங்கை போய்விட்டார்.

தாராபுரத்து மாமா கோடித் துணி எடுத்துக் கொண்டு வந்தார். நடை தளர்ந்துவிட்டது அவருக்கு. துணியைப் போர்த்திவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "அந்தப் புள்ளை அப்படி என்ன படிச்சுதுன்னு எனக்கு இது வரைக்கும் யாரும் சொல்லலீங்க மாப்பிள்ளை" என்றார். எனக்கே தெரியாது மாமா என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கொண்டார். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப் போன விஷயம் அது ஒன்றுதான்.

அதற்கு அடுத்த வாரம் அந்த நாலு பிள்ளைகளும் வீட்டுக்கு வந்தார்கள். துக்கம் கேட்க வந்தார்கள் என்று நினைத்தேன். அதுவும்தான். ஆனால் போகாமல் நின்றார்கள். கடைசியில் அத்தர் கடைப் பாய் மகள்தான் வாயைத் திறந்தாள். சொல்லித் தர ஆளில்லை என்று அல்ஜீப்ரா வகுப்பை எடுத்துவிட்டார்கள், சரித்திரத்துக்கு மாறிக் கொள்ளச் சொல்கிறார்கள், இரண்டு வருஷப் பாடத்தைப் பங்குனிக்குள் எப்படிப் படிப்பது, மாறினால் காலேஜில் கணக்கும் கிடையாது என்றாள். அழுகையை அடக்கிக் கொண்டு கணக்குப் போல ஒவ்வொன்றாக வரிசையாகச் சொன்னாள். அது தங்கை பேசுகிற தோரணை.

தலைப்பாகையைக் கட்டிக் கொண்டு ஆண்கள் ஹைஸ்கூலுக்குப் போனேன். பழைய ஹெட்மாஸ்டர் தம் ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். அப்போது அல்ஜீப்ரா சொல்லித் தந்த வாத்தியார்தான் இப்போது ஹெட்மாஸ்டர். என் தங்கை செய்தி அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிள்ளைகளை அனுப்புங்கள், பாக்கியை நானே முடித்துத் தருகிறேன் என்று உடனே சொன்னார். ஆனால் நிபந்தனை பழைய நிபந்தனைதான், நிர்வாகத்தில் ஒருவரும் அதை விடமாட்டார்கள் என்றார். அந்தந்தப் பிள்ளையின் சொந்தத்தில் ஒரு பெரியவர் வகுப்பில் உட்கார வேண்டும். நாலு பேரின் தகப்பன்மாருக்கும் பிழைப்பு இருக்கிறது. பதினொரு மணிக்கு யாராலும் வர முடியாது.

"நான் உக்காந்துக்கறனுங்க" என்றேன்.

"உங்க தங்கைக்கு நீங்க அண்ணன். இந்தப் புள்ளைகளுக்கு நீங்க என்ன முறைங்க? கேட்டா நான் என்னன்னு எழுதறது?"

வண்டி நிறையப் பணம் கொண்டு போயிருந்தாலும் அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை. கடைசிப் பெஞ்சு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. சுவர்ப் பக்கம் யாரோ ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்.

"வீடு வீடாப் போய் அந்தப் புள்ளைகளைக் கூட்டிட்டு வந்து, ரெண்டு வருஷமாப் பெத்தவளாட்டப் பாத்துக்கிட்டது என் தங்கச்சிங்க. அப்ப நான் தாய்மாமன். அப்படியே எழுதிக்குங்க" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். அப்படியே எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்து, "அதே பெஞ்சுதானுங்க இருக்குது. இப்ப உங்க பாரத்தைத் தாங்குமான்னு மட்டும் பாத்துக்குங்க கவுண்டரே" என்றார்.

நாலு வீட்டுக்கும் போய்ச் சம்மதம் கேட்டேன். மூன்று வீட்டில் யோசித்துச் சரி என்றார்கள். அத்தர் கடைப் பாய் கடையைவிட்டு வெளியே வந்து என் கையைப் பிடித்துக் கொண்டு, "மாமன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. அப்ப எனக்கு நீங்க மச்சான். சீர் வாங்காம உட்ருவேன்னு நெனைக்காதீங்க" என்றார். தங்கை போன பிறகு நான் சிரித்தது அப்போதுதான். சிரித்துக் கொண்டிருக்கும்போதே அது அழுகை ஆகிவிட்டது. அவர் நிழலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார்.

இனி நன்றி சொல்ல வேண்டியது. தொட்டில் பிள்ளைக்குப் பால் கொடுத்த அம்மாளின் குடும்பத்துக்கு. தன்னிடம் இருந்தது தீர்ந்து போயிற்று என்று மறைக்காமல் சொன்ன கணக்கு டீச்சருக்கு. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வண்டிக்காரன் பேச்சைக் கேட்ட பழைய ஹெட்மாஸ்டருக்கு. அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். இரண்டு டாக்டர்களுக்கும் ராப்பகலாக இருந்த நர்ஸம்மாளுக்கும். அல்ஜீப்ரா நேரத்தில் வில்வண்டியை ஓட்டி, வெளியே வெயிலில் காத்துக் கிடந்த எங்கள் வண்டிக்காரருக்கு. கோடி போட வந்த மாமாவுக்கு. என்னைப் பற்றிப் பேசினவர்களுக்கும்தான். நீங்கள் பேசியிருக்காவிட்டால் நான் இவ்வளவு பிடிவாதமாக உட்கார்ந்திருக்கமாட்டேன்.

அன்று எழுந்திருக்காதது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வந்து சொல்லலாம். பங்குனிக்குள் அந்தப் பாக்கி முடியுமா என்பதும் தெரியவில்லை. தங்கை இருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்கிறார்கள் பிள்ளைகள். இல்லையே.

பருத்தி வரத்து தொடங்கப் போகிறது. விலை பேச வருகிற வியாபாரிகளும், காரியம் முடிந்து ஊர் திரும்புமுன் என்னைப் பார்த்துச் சொல்லிக் கொண்டு போக நினைக்கும் பந்துக்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வருகிற திங்கட்கிழமை முதல் பதினொரு மணிக்கு நான் பாக்டரியில் இருக்கமாட்டேன். ஆண்கள் ஹைஸ்கூலில், சுவரோரம் கடைசிப் பெஞ்சில் இருப்பேன். ஜன்னல் பக்கம் வந்து துண்டை நீட்ட வேண்டாம். என் மருமக்கள் படிக்கிறார்கள்.